குடை மூடினால் இழு

மெட்டில்டாவுக்கு வாய் அதிகம் என்று முடிச்சூர் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாம்பரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது மேனேஜரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டு, வேலையை உதறிவிட்டு வந்தவள். பிறகு அவளுக்குச் சோறு போட்டதும் அந்த வாய்தான். அப்பேர்ப்பட்டவள் பேசியே ஆகவேண்டிய ஒரு நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டாள்.

படப்பையைத் தாண்டி உள்ளே ஒதுங்கினால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய பொட்டல் இருந்தது. மனை போடுவதற்காக யாரோ வாங்கி, கேஸில் மாட்டி, கல் நட முடியாமல் விட்ட நிலம். அதை வாடகைக்கு எடுத்து ஒரு கிளைடிங் கிளப் நடத்தினார்கள். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். ஒரு கோடியில் அது நிற்கும். மறு கோடியில் வின்ச் நிற்கும். பழைய லாரி எஞ்சினில் பெரிய உருளை ஒன்றை மாட்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர். நடுவில் முக்கால் கிலோமீட்டருக்கு இரும்புக் கேபிள் கிடக்கும். வின்ச்காரர் கேபிளை வேகமாகச் சுருட்டினால் கிளைடர் தரையில் ஓடிப் பட்டம் மாதிரி எழும்பும். மேலே போனதும் கேபிளைக் கழற்றிவிட்டு அதுபாட்டுக்கு ஒரு சுற்று சுற்றி இறங்கும். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அழகுதான். தரையில் அந்தக் கேபிளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

வின்ச்சில் உட்கார்ந்தவர் மெட்டில்டாவின் கணவர் சவுரிமுத்து. இருபது வருஷம் லாரி ஓட்டியவர். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். மெட்டில்டா முதலில் அங்கே டீ போடத்தான் போனாள். போன இரண்டாவது வாரமே ஓடுதளத்தில் குறுக்கே வந்த டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரனை அவள் போட்ட சத்தத்தில் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினான். கிளப் செயலாளர் சுப்ரமணியன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“டீயை வேற யாராவது போடட்டும் மெட்டில்டா. நீங்க கிரவுண்ட் சூப்பர்வைசரா இருங்க. மைக் செட் செலவு மிச்சம்.”

சிட்லபாக்கத்துக்காரர் அவர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கெட்ட மனிதர் இல்லை. எதையும் அடுத்த மாதம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எத்தனை பேரைக் குழியில் தள்ளியிருக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆடு மாடு குறுக்கே வராமல் பார்ப்பது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துவது, கேபிள் மாட்டும்போது யாரும் முன்னால் போகாமல் தடுப்பது எல்லாம் மெட்டில்டாவின் பொறுப்பு. எல்லாம் சரியாக இருந்தால் வின்ச்சுக்குச் சொல்லவேண்டியதும் அவள்தான். அதற்கென்று இரண்டு கோடிக்கும் நடுவே ஒரு ஃபோன் ஒயர் போட்டிருந்தார்கள். செம்புக்கு ஆசைப்பட்டு அதை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். புதுசு அடுத்த மாதம் வரும் என்றார் சுப்ரமணியன். செல்போன் அந்தப் பொட்டலில் எடுக்காது. கொடியை வைத்து ஒப்பேற்றினார்கள், அதுவும் காற்றில் கிழிந்து நார் நாராகப் போனது.

கடைசியில் குடை வந்து சேர்ந்தது. வெயிலுக்கு மெட்டில்டா ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தாள். விரித்துப் பிடித்தால் வின்ச்சிலிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். குடை விரிந்திருந்தால் அசையக் கூடாது. கிளைடரின் ஒரு பக்க இறக்கை, நிற்கும்போது தரையில் சாய்ந்துதான் இருக்கும். அதைத் தூக்கிச் சமமாகப் பிடித்து, குடையும் மூடினால் இழுக்கலாம்.

“குடை மூடினா இழு. நீ பாட்டுக்கு யோசிச்சிகினு ஒக்காந்திருக்காத,” என்று சவுரிமுத்துவிடம் சொல்லியிருந்தாள். அவரும் யோசித்ததில்லை. ஒன்றரை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. ஒரு ஆபத்தும் வராமல் ஓடுகிற தப்புக்குப் பழக்கம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இந்தக் குடை விஷயத்தை வெளியாட்களிடம் மூச்சு விடக்கூடாது என்று சுப்ரமணியன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “ஃபோன் இருக்கு, கொடி இருக்குன்னுதான் மேலே எழுதிக் கொடுத்திருக்கோம். பேரன்ட்ஸ் வர்றப்போ குடை கிடைன்னு பேசி மானத்தை வாங்காதீங்க.”

சுனாமிக்கு முந்தின வருஷம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மெட்டில்டா பூசைக்குப் போகாமல் கிளப்புக்கு வந்திருந்தாள். காட்டாங்குளத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிற மிருதுளா என்ற பெண் அன்றைக்குத்தான் முதல்முறை தனியாகப் பறக்கப்போகிறாள். அப்பாவும் அம்மாவும் சிட்லபாக்கத்திலிருந்து காரில் வந்திருந்தார்கள். அப்பா கழுத்தில் கேமரா. அம்மா அபிதகுஜாம்பாள் மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நின்றாள். சுப்ரமணியனுக்குத் தெரிந்த குடும்பம் என்பதால் அவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கச் சொல்ல முடியவில்லை. கிளைடருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள்.

கேபிள் மாட்டுகிற வேலை ஜெயவேலுவுடையது. வாரநாளில் பெயின்டர், ஞாயிற்றுக்கிழமை கிளப். மெட்டில்டா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். அவளை இன்ஸ்பெக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவான். எவ்வளவு திட்டினாலும் இளிப்பான்.

அப்போது ஓடுதளத்தின் வேலியோரமாக ஒரு ஆட்டு மந்தை உள்ளே நுழைந்தது. மேய்க்கிறவனைக் காணோம். மெட்டில்டா ஓடவேண்டும். விரித்த குடையோடு காற்றில் ஓட முடியாது. மூடவும் கூடாது. பக்கத்தில் அபிதகுஜாம்பாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெட்டில்டா குடையை அவள் கையில் கொடுத்தாள்.

“வெயிலா கீதுமா. இத்த புடிச்சுகினு நில்லுங்க. தோ வந்துர்றேன்.”

நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். விரித்த குடை அங்கேயே நின்றால் வின்ச் அசையாது என்று கணக்கும் போட்டிருந்தாள். மூடிடாதீங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் மூடக்கூடாது என்று அந்தம்மா கேட்டால் என்ன சொல்வது? நாலடி தள்ளி சுப்ரமணியன் நிற்கிறார். வாயை மூடிக்கொண்டு ஆட்டை விரட்ட ஓடினாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அப்பா கேமராவை எடுத்தார். மகள் விமானத்தில் உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் நிற்க ஒரு படம். இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் படம் நன்றாக இருக்காதென்று சுப்ரமணியனே அதைத் தூக்கிச் சமமாகப் பிடித்தார். குடை நிழலில் அம்மா முகம் இருட்டாக விழுகிறது என்றார் அப்பா. அபிதகுஜாம்பாள் குடையை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புன்னகை செய்தாள்.

ஜெயவேலு அப்போது கிளைடரின் மூக்குக்குக் கீழே குந்தி, கேபிள் நுனியின் வளையத்தைக் கையில் பிடித்திருந்தான். இறக்கை தரையில் இருக்கிறவரை கேபிளுக்குப் பக்கத்தில் உட்காருவதில் பயமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இறக்கையைத் தூக்கிவிட்டது குனிந்திருந்த அவனுக்குத் தெரியவில்லை.

தூரத்தில் வின்ச் உறுமியது. மெட்டில்டா வேலியோரத்தில் கையில் ஒரு குச்சியோடு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது கிளைடர் நின்ற இடத்திலேயே நின்றது. கேபிள் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கேபிளோடு ஜெயவேலுவும் போனான். வளையத்தில் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. தொண்டை கிழிய அவள் கத்தினாள். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எங்கே கேட்கும்? கிளைடர் எழும்பவில்லை என்று கண்டு சவுரிமுத்து எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மிருதுளா அப்பாவின் காரில்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். முடிச்சூர் ரோட்டில் ஜெயவேலு கண் திறந்து தண்ணீர் கேட்டான். மெட்டில்டா மடியில்தான் தலை இருந்தது. தாம்பரம் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த ரத்தம் படிந்த நீலப் புடவையோடு அவன் பெண்டாட்டி பேபியின் முன்னால் போய் நிற்கவேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் சுப்ரமணியன் வீடு தேடி வந்தார். ஒரே ராத்திரியில் ஆள் பாதியாகியிருந்தார். தான் இறக்கையைத் தூக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் வேறு.

“பாருங்க மெட்டில்டா, அந்தம்மா பாவம், ஒண்ணும் தெரியாதவங்க. அவங்க பேரை இழுத்தா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய வேண்டியிருக்கும். குடையைக் கையில குடுத்தது நீங்க. முதல்ல உங்க மேலதான் கேஸ் வரும், ஜெயில் வரைக்கும் போகும். யாரும் எதையும் பாக்கலைன்னு சொல்லிட்டா, ஆக்சிடென்ட்டுன்னு முடிஞ்சிடும்.”

மெட்டில்டா சவுரிமுத்துவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையே கேள்வி கேட்டவள் அன்றைக்கு சரி சார் என்று சொன்னாள். பயந்தாள், வேறொன்றும் இல்லை. அவள்மேல் கோபம் வருகிறதா? வரட்டும், அவளுக்கே வந்தது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஆட்டை விரட்டப் போயிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றாள் மெட்டில்டா. அடுத்து சவுரிமுத்து. அவரிடம் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“கொஞ்ச நாளாவே கண்ணு சரியா தெரியல சார். இன்னா தெரிஞ்சுதோ, இழுத்துட்டேன். என் தப்புதான்,” என்றார்.

மெட்டில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் கண்ணைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. சுப்ரமணியன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வயசான டிரைவர், பார்வைக் கோளாறு, துரதிர்ஷ்டம். பூசி மெழுக நல்ல காரணம் கிடைத்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் காட்டி சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

செய்தி பேபிக்கும் எட்டியது. சாவு வீட்டில் மெட்டில்டா முகத்தைக்கூடப் பார்க்காதவள், அதைக் கேட்ட சாயங்காலம் தானாக வந்தாள். சவுரிமுத்துவின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

“தெரிஞ்சு செய்வியாண்ணா நீ. கண்ணு போறது யாரு கையில கீது,” என்றாள்.

சவுரிமுத்து தலையைத் தூக்கவே இல்லை. மெட்டில்டா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் எதையும் வைக்காமல் நின்றாள்.

அடுத்த வாரம் இருவரும் கிழக்குத் தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருட்டு அறையில் உட்காரவைத்து, எதிரே வெளிச்சம் போட்ட பலகையில் எழுத்துகளைக் காட்டினார்கள். சவுரிமுத்துவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். மேலே பெரிதாக இருந்த ஒற்றை எழுத்தைக் காட்டி அந்த நர்ஸ் பெண் கேட்டாள்.

“இது தெரியுதா ஐயா?”

“மங்கலா கீதுமா.”

“கீழ இருக்கறது?”

“தெரியல.”

கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டாள். எதைப் போட்டாலும் தெரியல என்றார். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பெரிய டாக்டர் பார்க்கவேண்டும், நாளைக்கு வாங்க என்றாள். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெட்டில்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு குருட்டு மனிதரை நம்பியா ஒன்றரை வருஷம் ஆட்களைக் கேபிள் பக்கத்தில் உட்காரவைத்தோம் என்று நினைத்தாள். அப்படியானால் ஜெயவேலுவை இவர் கண்தான் கொன்றது, தன் குடை இல்லை. அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. உடனே அதற்காகத் தன்னையே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

ரயில்வே பாலத்தைக் கடந்து மேற்கே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். வெயிலில் கண் கூசியது. ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது சவுரிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“வா, நம்ம பஸ்ஸு வருது. பின்னாடி எடம் கீது,” என்றார்.

மெட்டில்டா பார்த்தாள். தூரத்துத் திருப்பத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு நம்பர் தெரியவில்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய பஸ்தான், பின்னால் இடமும் இருந்தது.

அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. சவுரிமுத்துவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது.

“யோவ், உனுக்கு கண்ணு நல்லா தெரியுது,” என்றாள் மெட்டில்டா.

அவர் பஸ் போன பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனுக்காகவா பொய் சொன்ன?”

“வுடு.”

“அன்னைக்கு இன்னா பாத்த? சொல்லு.”

சவுரிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அத்தனை நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

“நீ நீலம் கட்டினு வேலியாண்ட ஓடுனத பாத்தேன். குடை மஞ்ச புடவ கையில இருந்துச்சு. எறக்கைய தூக்குனாங்க. குடைய மூடுனாங்க. நீ சொல்லாம யாரு குடைய மூடப்போறாங்கன்னு நெனச்சேன். நீதான் ஆள நிக்க வெச்சிட்டு போயிருக்கன்னு இழுத்தேன்.”

“நான் அந்தம்மாவாண்ட ஒண்ணுமே சொல்லல,” என்றாள் மெட்டில்டா.

“தெரியும். அன்னைக்கு உன் மூஞ்சிய பாத்தப்பவே தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் மாட்டணுமா? எனுக்கு வயசாச்சு. கண்ணுன்னு சொன்னா வுட்ருவாங்க.”

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் மெட்டில்டா அழுதாள். தனக்காக ஒருத்தர் குருடராகத் தயாராக இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய பாரம் என்று அதைச் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். அவரைச் சுமக்கவிடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தாள். பெரிய டாக்டரிடம் மறுநாள் போகவில்லை.

இரண்டாவது விசாரணை கிளப்பின் தகர ஷெட்டிலேயே நடந்தது. வெளியே பெஞ்சில் பேபியும் உட்கார்ந்திருந்தாள், அவளையும் ஏதோ கேட்பதற்கு வரச்சொல்லியிருந்தார்கள். தகர ஷெட்டில் உள்ளே பேசுவது வெளியே கேட்கும். மெட்டில்டா எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோன் ஒயர் போனது, குடை வந்தது, குடையை யார் கையில் கொடுத்தாள், எதைச் சொல்லாமல் விட்டாள், இறக்கையை யார் தூக்கினார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவள் குரல் எப்போதும்போல் பெரிதாகவே இருந்தது. சுப்ரமணியன் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வூட்டுக்காரரு மேல தப்பு இல்ல சார். குடை மூடினா இழுக்கச் சொன்னது நான். அவரு இழுத்தாரு,” என்று முடித்தாள்.

அவர் பார்த்த மஞ்சள் புடவையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் குடை வேறு கையில் இருப்பது தெரிந்தே இழுத்தார் என்றாகும், அவர் தப்பிக்க முடியாது. அதை அவர் வாயால் கேட்டவள் அவள் ஒருத்திதான், அது தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

அதிகாரி சவுரிமுத்துவின் பக்கம் திரும்பினார். “அப்ப கண்ணு தெரியலைன்னு ஏன் சொன்னீங்க?”

“பொய் சார்.”

“குடை யார் கையில இருந்துச்சுன்னு அங்கேர்ந்து தெரிஞ்சுதா?”

மெட்டில்டா அவரைப் பார்த்தாள். தெரியல என்று சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தையைத்தானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சுது சார். இவ இல்ல, வேற யாரோன்னு நல்லா தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் இழுத்தேன்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டு ஃபைலை மூடினார். இருவரும் வெளியே வந்தபோது பேபி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சவுரிமுத்து அவள் முன்னால் போய்க் கைகூப்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மெட்டில்டாவிடம்தான் பேசினாள்.

“காரியத்தன்னைக்கு உன் வூட்டுக்காரருக்கு எலையில பக்கத்துல ஒக்காந்து இது சாம்பாரு, இது பொரியலுன்னு ஒண்ணொண்ணா சொல்லிகினு போட்டேன்கா. கண்ணு தெரியாதேன்னு.”

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெட்டில்டாவும் சவுரிமுத்துவும் ரோடு வரை நடந்தார்கள்.